காமிக்ஸ் கடை இருந்த மூலை

12.3.2026, வியாழன்

அன்புள்ள என் இல்லாளுக்கு,

இங்கு நான் சுகம். உன் முழங்கால் வலி தணிந்ததா?

பதிப்பகம் எடுத்துக் கொடுத்த அறையில் தங்கி என் காமிக்ஸ் நினைவுகளை எழுதி வருகிறேன். 14.6.1968 அன்று முதல் புத்தகம் வாங்கிய கடையைத் தேடி இன்று காலை போனேன். அந்த மூலையில் கண்ணாடிக் கட்டடம் நின்றது. காவலாளியிடம் விசாரித்தேன்.

"என்ன பெரியவரே, தினம் வந்து இதையே கேக்குறீங்க? நேத்தும் நான்தானே வண்டி பிடிச்சு அனுப்பி வச்சேன்" என்று சிரித்தார்.

நானும் சிரித்து வைத்தேன். நேற்று அங்கு போனதாக எனக்கு நினைவே இல்லை. அவர் வேறு யாரையோ சொல்கிறார் போலும். மகனிடம் சொல்லிக்கொண்டிருக்காதே.

அடுத்து சட்டை அனுப்பும்போது சட்டைப் பையின் உட்புறம் இந்த அறையின் முகவரியைத் தைத்துவிடு. சலவைக்காரர் துணிகளை மாற்றிவிடுகிறார். உன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சேர்த்தே தைத்துவிடு.

தபாலுக்கு நேரமாகிவிட்டது.

உன் கணவன்