அப்பாவின் லேப்டாப்பில் வைஃபை இல்லை

மார்ச் 14, வெள்ளி

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. ஜொகூரிலிருந்து ராத்திரி முழுக்க பஸ், இடுப்பு போயிற்று. திகாம் பத்து ஊரில் அப்பா வீட்டில் எல்லாம் வைத்தது வைத்த இடத்தில். அம்மா படத்துக்குப் புதுப் பூ. நான் கடைசியாக வந்தது போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி.

அப்பாவின் பழைய லேப்டாப் செத்துவிட்டது. தானே சுங்கைப் பட்டாணி போய்ப் புதிது வாங்கி வந்து, பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார். நான் வந்து பிரிக்க வேண்டுமாம்.

விண்டோஸுக்குப் பதில் வழக்கம்போல லினக்ஸ் (வாட்ஸ்அப்பில் வரும் கண்ட லிங்க்கையும் அமுக்குகிற ஆள், இதில் வைரஸ் பயம் குறைவு). அதிலும் நீண்டகாலப் பதிப்பு. ஐந்து வருடம் திருத்தங்கள் தானாக வரும், யாரும் தொட வேண்டாம். பென்டிரைவில் தயாராக இருந்தது, போட்டேன். திரை, சத்தம், கேமரா எல்லாம் சரி. வைஃபை மட்டும் இல்லை.

மார்ச் 15, சனி

காரணம் தெரிந்தது. லேப்டாப்பின் வைஃபை சிப் புதிது, நான் போட்ட லினக்ஸின் கெர்னல், அதாவது சிப்புகளை இயக்கும் உள்பாகம், அதற்கு முந்தியது. பிள்ளை பிறக்குமுன் எடுத்த குடும்பப் படத்தில் பிள்ளையைத் தேடின கதை.

கைப்பேசியைக் கேபிளில் மாட்டி இணையம் பிடித்து, குறுகியகாலப் பதிப்பை இறக்கிப் போட்டேன். வைஃபை உடனே வந்தது. ஆனால் அதற்கு ஆயுள் ஒன்பதே மாதம், அதிலும் பாதி முடிந்தாயிற்று. ஜூலைக்குள் அடுத்த பதிப்பு. அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒன்றாக அதற்கடுத்தது.

வாங்க: கேஸ் டியூப், அப்பாவுக்குச் செருப்பு, ஆபீசுக்கு நெத்திலி.

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"இப்போ ஓடுதுதானே?"

"ஓடுதுப்பா. ஆனா ஆறு மாசத்துக்கு ஒருக்கா யாராச்சும் மாத்தணும்."

"யாராச்சும்னா யாரு?"

"நான்தான்."

"இங்க வந்தா?"

"வந்து செஞ்சாதான் நல்லது. நடுவுல நின்னு போச்சுன்னா உங்களுக்குத் தெரியாது."

கழுவின மீனையே மறுபடி கழுவினார்.

"அப்போ இதே இருக்கட்டும்லா."

அவ்வளவுதான். வாம்மா என்று வாய் திறந்து ஒருநாளும் கேட்டதில்லை இந்த மனிதர். குளியலறையில் போய் அழுதேன். கோபமும் வந்தது. கேட்டால் என்ன, குறைந்தா போய்விடும்?

மீன் குழம்பில் உப்பு அதிகம். சொல்லவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

மேகம், மழை இல்லை. ஏழு மணிக்கு பஸ். கேஸ் டியூப் மாற்றியாயிற்று. செருப்பு ஒரு சைஸ் பெரிது.

மத்தியானம்தான் உறைத்தது. என் பென்டிரைவில் இருந்தது நீண்டகாலப் பதிப்பின் முதல் நகல், போன வருடத்தது. அதே பதிப்பின் புது நகல் போன மாதமே வந்திருக்கிறது, குறுகியகாலப் பதிப்பின் அதே கெர்னலோடு. இறக்கி, பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். வைஃபை வந்தது. அரை மணி நேர வேலை. போட்டுவிட்டால் வருடக்கணக்கில் யாரும் வரத் தேவையில்லை.

அப்பா காலண்டரில் ஜூலைத் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஜூலைல எந்த வாரம்னு சொல்லும்மா. தஞ்சோங் டாவாய்ல நண்டு சொல்லி வைக்கணும்."

பென்டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டேன்.

"ரெண்டாவது வாரம்ப்பா."