கண்ணாடி போட்டிருந்தேன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றபடி நலம். அம்மாவும் நலம்தான், என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்தியிருக்கிறாள். உன் ஆஸ்பத்திரி வேலை எப்படி? எட்டாவதோடு நின்றவன் எழுத்து, பிழையைப் பார்க்காதே, விஷயத்தைப் பார்.

கடை எப்போதும்போலத்தான். பாய் துணி வெட்ட, நான் தைக்க, இருபத்திரண்டு வருஷமாக ஒரே அறை. வெள்ளி மதியம் அவர் தொழுகைக்குப் போனால் கடை என் பொறுப்பு. ஞாயிறு காலை நான் ஆலயத்துக்குப் போனால் அவர் பொறுப்பு. உனக்குத் தெரிந்ததுதான்.

போன வெள்ளி, அவர் இல்லாத நேரம் பார்த்து நம் சபைச் செயலாளர் ஒரு மனுவோடு வந்தார். பின்தெருவில் பள்ளிவாசல் கட்ட நகராட்சி அனுமதி தரக்கூடாதாம். அந்த அனுமதிக்காகத்தான் பாய் மூன்று வருஷமாக அலைகிறார். "மாப்பிள்ளையோட தாய்மாமன் நானு, எனக்கு இல்லாத கையெழுத்தா?" என்று சிரித்தார் செயலாளர். உனக்குப் பேசிக்கொண்டிருக்கும் சம்பந்தம் கண் முன்னால் வந்து நின்றது. பாயின் வெட்டுப்பலகை மேலேயே தாளை வைத்துப் போட்டுக் கொடுத்தேன்.

திங்களன்று மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் பட்டியலை நகராட்சி வாசலில் ஒட்டிவிட்டார்கள். மூன்றாவதாக நான். பாய் பார்த்துவிட்டு வந்தார். சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். "என்னண்ணே, கண்ணாடி போடாம எதுலயோ கையெழுத்துப் போட்டுட்டீங்களா?" என்றார். நானும் வெட்கமில்லாமல், "ஆமா பாய், கண்ணாடி அன்னைக்கு வீட்டுல" என்றேன். அந்த வெள்ளி மதியம் நான் பொத்தான் துளைகளுக்குக் கையால் காஜா தைத்து முடித்த சட்டை அவர் எதிரில்தான் தொங்கியது. ஆறு காஜா, ஒரு நூல் பிசகவில்லை. கண்ணாடி இல்லாமல் எனக்கு ஊசியே தெரியாது என்பது அவருக்குத் தெரியாதா? சட்டையை மெதுவாக மடித்து வைத்துவிட்டு எனக்கு டீ சொன்னார். திட்டியிருந்தால் தேவலை, கண்ணு.

இன்று காலை நகராட்சிக்குப் போய் மனுவிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன். குமாஸ்தா, "படிக்காம போட்டேன்னு எழுதுங்க சார், யாருக்கும் மனஸ்தாபம் வராது" என்று வழி சொன்னார். சுலப வழி என்றால் வரிசையில் முதல் ஆள் நான். என்னவோ, படித்துவிட்டுத்தான் போட்டேன், தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அதையும் வாசலில் ஒட்டுவார்களாம். செயலாளர் பார்த்தால் சம்பந்தம் தட்டிப்போகலாம். அம்மா கோபம் அதுதான். உன்னைக் கேட்காமல் உன்னைச் சாக்காக வைத்துக் கையெழுத்துப் போட்டேன். உன்னைக் கேட்காமலே எடுத்தும்விட்டேன். இரண்டுக்கும் என்னை மன்னித்துவிடு.

பாயிடம் இன்னும் சொல்லவில்லை. தாளில் வந்தது வாயில் வரமாட்டேன் என்கிறது. நாளைக்குக் கடை திறந்ததும் சொல்லப்போகிறேன். அதற்குமுன் நீ போன் பண்ணி அவரிடம் எதுவும் சொல்லிவிடாதே.

கர்த்தர் உன்னைக் காப்பார். எனக்காகவும் ஒரு ஜெபம் செய். நாளைக்கு பாய் எனக்கு இன்னொரு சாக்கு எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது என்று கேள். கொடுத்தால் வாங்கிக்கொண்டுவிடுவேன், மகளே.

உன் அப்பா