வாசக்காலைப் பெயர்த்து வந்த கார்

திருவிடந்தை
9-3-2025

அன்புள்ள ஜோதிக்கு,

இங்கே நானும் வண்டியும் சுகம். அங்கே நீயும் அனுவும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள். போனில் பேசினால் நான் கத்துகிறேன், சொல்வதை எழுதி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டாய். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய படூருக்குக் கடிதம் போடுகிற புருஷன் இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். டிங்கர் பெஞ்சமின் உங்கள் பக்கம்தான் குடியிருக்கிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கோபித்துக்கொண்டு போன விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஸ்பிட்ஃபயர் பழைய சீமைக் கார், இதற்குச் சேசிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, மேலே உட்காருகிற உடம்பு தனி. சேசிஸ் பின்பக்கம் ஷெட்டில் நிற்கிறது. பெயிண்ட் போகத் தேய்த்த உடம்பையும் அங்கேயே வைத்தால் நம் ஊர் உப்புக்காற்றில் மறுநாளே துரு பிடித்துவிடும். அதனால்தான் ஹாலுக்குள் கொண்டுவந்தேன். உன்னை விரட்டுவதற்காக இல்லை.

முப்பத்தோரு வருஷம் கார் கம்பெனியில் ஊரான் வண்டிக்குக் கதவு பொருத்தினேன். மாமல்லபுரத்துப் பங்களாவில் கோழி அடைந்து கிடந்த இந்த ஒன்றையாவது என் வண்டி என்று ஓட்டிவிட்டுச் சாகிறேன். பக்கத்து சீட்டில் நீதான்.

உன்
தணிகைவேல்

*

படூர்
14-3-2025

அன்புள்ள அனு அப்பாவுக்கு, ஜோதிலட்சுமி எழுதிக்கொள்வது.

கடிதம் கிடைத்தது. வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று பெஞ்சமினைக் கேட்டால் சிரிக்கிறான். அதிலேயே தெரிந்துவிட்டது.

உப்புக்காற்றைப் பற்றி எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம். ஆனால் கல்யாணமாகி வந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் நான் மஞ்சள் குங்குமம் வைத்த வாசக்கால் அது. நான் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அதைப் பெயர்த்துவிட்டு ஷட்டர் போட்டீர்கள். கேட்டால், வண்டிக்கு அகலம் போதவில்லை என்றீர்கள். கட்டிலைப் பிரித்து மொட்டைமாடியில் போட்டீர்கள். நாலு மாதம் அடுப்படியில் படுத்தேன். அப்போது நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

ஒரு சேதி. மாப்பிள்ளைக்குப் புனேவுக்கு மாற்றல் வந்திருக்கிறது. மே மாதக் கடைசியில் இந்த வீட்டைக் காலி செய்கிறார்கள். "நீயும் எங்ககூட வந்துடும்மா" என்று அனு நச்சரிக்கிறாள். எனக்குப் போக மனசில்லை. இந்த ஒன்பதாவது மாடியில் ஈரத்துணி உதறினால்கூடக் கீழ்வீட்டிலிருந்து ஆள் வருகிறது. எனக்கு என் வீடு வேண்டும். அதற்குள் ஹால் காலியாகட்டும். பாய் விரிக்க இடம் இருந்தால் போதும், வந்துவிடுகிறேன்.

ஜோதி

*

திருவிடந்தை
20-4-2025

அன்புள்ள ஜோதிக்கு,

நாள் குறித்தாகிவிட்டது. மே பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, உடம்பு சேசிஸில் உட்காருகிறது. குப்பத்துக் காசிநாதன் எட்டு ஆட்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அன்றைக்கே ஹாலைக் கழுவிவிடுகிறேன். கட்டிலையும் இறக்கிவிடுகிறேன். புனே சப்பாத்தியெல்லாம் உனக்கு ஒத்துக்கொள்ளாது.

கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற தகரம் இரண்டு பக்கமும் செல்லரித்த மாதிரி ஆகிவிட்டிருந்தது. வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அங்கங்கே புள்ளி வெல்டுதான். சேசிஸில் உட்கார்ந்த பிறகு முழுசாக அடித்துக்கொள்ளலாம். துரு பிடிக்காமல் இருக்க உடம்பு முழுக்கப் பெயிண்ட் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்
தணிகைவேல்

*

படூர்
25-4-2025

அன்புள்ள அனு அப்பாவுக்கு,

படித்ததும் அழுகையே வந்துவிட்டது. நான் வரவில்லை என்று அனுவிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

பெஞ்சமின் ஒன்று சொன்னான். "இன்னாம்மா, நா சொன்னா அண்ணாத்த கேக்க மாட்டேங்குது. கூர இல்லாத வண்டி. கதவ கயட்டுனா அந்த எடத்துல குறுக்க கம்பி வெச்சி வெல்டு அடிக்கணும். இல்லாங்காட்டி தூக்கசொல்ல நடுவுல தொங்கிப்பூடும்" என்றான். நீங்கள் அவனை ஏதோ திட்டினீர்களாமே? எனக்குத் தொழில் தெரியாது. ஆனாலும் அவன் பேச்சை ஒரு தடவை கேளுங்கள். நமக்கு நாள் இல்லை.

ஜோதி

*

திருவிடந்தை
14-5-2025

ஜோதி,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எல்லாம் போயிற்று.

பெஞ்சமின் சொன்ன கம்பியை நான் வைக்கவில்லை. கதவு பொருத்துவதைப் பற்றி எனக்கு அவன் சொல்வதா என்ற திமிர். கம்பெனியில் என் கைக்கு வந்த உடம்பெல்லாம் கூரையோடு வந்தவை. கதவு இருக்கும் இடம் வளையும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். "இன்னா அண்ணாத்த, எங்க புடிக்கணும்?" என்று காசிநாதன் கேட்டான். "படகு தூக்குறாப்லயே தூக்குங்கப்பா" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன். முன்னால் ஒரு மூங்கில், பின்னால் ஒரு மூங்கில் கொடுத்துத் தோளில் ஏற்றினார்கள். படகு எங்கே பிடித்தாலும் தாங்கும். இதற்கு இருந்த பலமெல்லாம் நான் வெட்டி எறிந்த அந்தத் தகரத்தில்தான் இருந்திருக்கிறது. ஷெட்டுக்குப் போவதற்குள் இரண்டு பக்கமும் புள்ளி வெல்டு பட்பட்டென்று விட்டுப்போன சத்தம் எனக்குக் கேட்டது. அவர்களுக்குக் கேட்கவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள்.

சேசிஸில் முன்பக்க போல்ட்டுகள் ஏறின. பின்பக்கம் ஒன்றுகூட ஓட்டைக்கு நேராக வரவில்லை. கதவை வைத்துப் பார்த்தேன். மேலே இடித்துக்கொண்டு நிற்கிறது, கீழே விரல் போகிற சந்து. "இன்னா அண்ணாத்த, மூடலியே?" என்று காசிநாதன் கேட்டான். ஆயிரமாயிரம் கதவு பொருத்திய கை இது ஜோதி. எட்டுப் பேர் முன்னால் கூசிப்போய் நின்றேன். நான் எதற்கும் லாயக்கில்லாதவன்.

"கெடக்குது வுடு, மழ காலத்துக்குள்ள பாத்துக்கலாம்" என்றான் காசிநாதன். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. வெட்டித் திரும்ப நிமிர்த்த வேண்டிய இடத்தில் பெயிண்டைச் சுரண்டியாகிவிட்டது. வெளியே விட்டால் துரு ஏறிவிடும். திங்கட்கிழமை மறுபடி ஆள் கூப்பிட்டுத் தூக்கி ஹாலுக்குள் வைத்துவிட்டேன். ஆறே மாதம். இந்தத் தடவை கம்பி வைத்துத்தான் வேலை. நீ புனே போகாதே. பக்கத்தில் நீ இருந்தால் முடித்துவிடுவேன்.

தணிகைவேல்

*

படூர்
17-5-2025

அனு அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தியே எனக்கு எல்லாம் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காசிநாதன் பெண்சாதி அம்சா போன் பண்ணினாள். "அக்கா, வண்டி வெளிய வந்துடுச்சி. வூடு காலியா கீது. வந்துடுக்கா" என்றாள். கதவு மூடாத கதையையும் அவளே சொன்னாள். எனக்கு அது பெரிதாகவே படவில்லை. பாவம், மனசு உடைந்து உட்கார்ந்திருப்பார், போய் ஒரு வாய் சோறு ஆக்கிப் போடுவோம் என்றுதான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை இரண்டு பையோடு பஸ் ஏறினேன்.

ஷட்டர் பாதி திறந்திருந்தது. ஹாலில் கட்டில் போடுகிற இடத்தில் வண்டி இருந்தது. நீங்கள் அதற்குள் குனிந்து தகரம் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் ஆறே மாதம் என்று சொல்லியிருப்பீர்கள். நானும் சரியென்று அடுப்படிக்குப் போயிருப்பேன். அது நன்றாகத் தெரிந்ததால் திரும்பிவிட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிற அளவுக்கு அழுதேன்.

ஞாயிறு ஒருநாள் அந்த ஹால் காலியாக இருந்தது. அன்றைக்கு நீங்கள் கூப்பிட்டிருந்தால் போதும். கோணல் வண்டி ஷெட்டில் கிடந்தால் எனக்கென்ன, துரு பிடித்தால் எனக்கென்ன. உங்களுக்குத் தகரம் கெடக்கூடாது. அதை உள்ளே தூக்கிவைக்கும்போது என் ஞாபகம் ஒரு நிமிஷமாவது வந்ததா என்று கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இப்போது கேட்கத் தோன்றவில்லை.

இருபத்தெட்டாம் தேதி புனேவுக்குச் சாமான் ஏற்ற லாரி வருகிறது. என் தையல் மிஷினைப் பெஞ்சமினிடம் கொடுத்தனுப்புங்கள். பீரோ மேல்தட்டில் என் ஆதார் கார்டும் வங்கிப் புத்தகமும் இருக்கும், அவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். மிஷினை அவன் ஒருத்தனே தூக்க முடியாது. ஒரு பக்கம் நீங்கள் பிடித்து ஏற்றிவிடுங்கள்.

ஜோதிலட்சுமி