ஆற்றோடு கூட்டு வியாபாரம்

அன்பு மகள் ருமேனாவுக்கு அப்பாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையில் நடமாடிக்கொண்டிருக்கிறேன், இடுப்புதான் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. காஜிப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம்தான், என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

நீ மளிகைக்கடை வைக்கச் சொன்னாய், எனக்கும் ஆசைதான். முன்பெல்லாம் வெள்ளம் வடியும்போதுதான் பிரம்மபுத்திரா நம் மணல்திட்டின் கரையைத் தின்னும். இப்போது பருவமும் இல்லை கணக்கும் இல்லை, கோடையிலேயே மலைத்தண்ணீர் திடீரென்று வந்து அரிக்கிறது. அரிசி மூட்டையை இறக்கி வைத்தால் அதை வாங்குகிறவன் நாளைக்கு எந்தத் திட்டில் இருப்பானோ. அதனால்தான் மாடுகளை விற்று என்ஜின் படகு வாங்கினேன், பிரித்த வீடுகளை அக்கரைக்கு ஏற்றிப்போகும் தொழில். படகு வந்த அன்றே பக்கத்து வீட்டு நைமுத்தீன் எல்லோர் முன்னாலும், "ஏன்டா மோக்சேத், ஊரு கரைஞ்சாத்தானே உனக்கு வருமானம்? ஆத்தோட கூட்டு வியாபாரமா? இனிமே துவாவுல என்னத்தடா கேப்ப?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

தொழில் நன்றாக நடந்தது அம்மா, அதுதான் கொடுமை. கூரைத் தகரம், மூங்கில் தட்டி, கட்டில், கோழிக்கூண்டு என்று நடைக்கு நடை ஏற்றிப்போவேன், திரும்பி வந்தால் திட்டில் ஓர் அடுப்புப் புகை குறைந்திருக்கும். பள்ளிவாசல் தகரத்தையும் நான்தான் ஏற்றினேன். இப்போது நானே பாங்கு சொல்லி நானே தொழுகிறேன். செவ்வாய்க்கிழமை நைமுத்தீன் வீடு. கூலி வேண்டாம் என்றேன், "ஓசியா? உன் பங்காளி கோவிச்சுக்கும்டா" என்று ஆற்றைக் காட்டினான். அக்கரையில் இறங்கியதும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நான் யாரோடடா சண்டை போடுவேன்" என்று அழுதான். என்ஜினைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

குழந்தைக்குச் சளி என்றாயே, தண்ணீரைக் காய்ச்சிக் கொடு. ஆலையில் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்காதே, உடம்பு இரும்பில்லை.

நம் வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே பதினெட்டு முழம்தான் இருக்கிறது. நேற்றுக் காலை பிரித்துவிடலாம் என்று கூரை மேல் ஏறினேன். ஆணியெல்லாம் கழன்று வந்தது, தகரத்தைத் தூக்கிவிட்டு "அந்தப் பக்கம் பிடிடா" என்று பழக்கத்தில் கத்திவிட்டேன். பிடிக்க யார் இருக்கிறார்கள்? தகரத்தை மறுபடி வைத்து ஆணி அடித்துவிட்டு இறங்கினேன். அக்கரையில் கூலிக்கு ஆள் கிடைக்கும். எனக்கு ஆள் வேண்டாம், நீ வேண்டும். வெள்ளிக்கிழமை லீவு போட்டு மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வா.

உங்கள் மூவரையும் அல்லாஹ் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். ஒன்று மறக்காதே, நீ இறங்கும் பழைய துறை ஆற்றோடு போய்விட்டது, ஊர்ப் பெயர் சொன்னால் படகுக்காரர்களுக்கு இப்போது தெரிவதில்லை. ஒரே ஒரு வீடு இருக்கிற திட்டு என்று சொல், கொண்டுவந்து விடுவார்கள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா மோக்சேத்