காது வலி என்று நீ சொல்லிக்கொண்டிருந்தது

என் உயிர் லாத்தாவுக்கு,

நீ மௌத்தாகி, எங்களை விட்டுப் போய், எட்டு மாதம் ஆகிறது. ஊரில் எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் கூடப்பிறந்த அக்கா உன்னிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மச்சான் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு ஐஸ் பிளாண்டில் வேலை பார்க்கிறார். நேவிக்காரர்கள் படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று செய்தி வந்தால் கரையில் வந்து நிற்க இனி தனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். இப்போது அவர் தன் உம்மா வீட்டோடு இருக்கிறார். நம் வீடு பூட்டித்தான் கிடக்கிறது.

சனிக்கிழமைதோறும் நான் காலேஜிலிருந்து வந்து திறக்கிறேன். முன்பெல்லாம் பஸ் ஆவுடையார்கோவில் தாண்டியதும் உனக்குப் போன் செய்வேன், நீ உலை வைப்பாய். இப்போது அந்த இடம் வரும்போது போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுகிறேன். நானே சோறு வடித்து, நானே சாப்பிட்டு, நானே பாத்திரம் கழுவுகிறேன். என்னைப் போன்ற வாயாடிக்குப் பேச ஆளில்லாத வீடு என்றால் எப்படி இருக்கும், சொல்லு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இது நீ என்மேல் கோபப்பட வேண்டிய விஷயம்.

என் பல் மருத்துவ மேற்படிப்புக்கு ஓர் ஆய்வு செய்தேனே, நினைவிருக்கிறதா? வாயைத் திறந்து மூடும்போது காதுக்குச் சற்று முன்னால் கீல் போல ஒன்று அசையும். தாடை மூட்டு என்று அதற்குப் பெயர். கடலோரப் பெண்களில் யார் யாருக்கு அதில் நோவு இருக்கிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். ஆங்கிலப் படிவத்தை நானே தமிழாக்கினேன். ‘உங்களுக்குத் தாடை மூட்டு வலி உண்டா?’ நல்ல தமிழ் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அதை முதலில் உன்னிடம்தான் கேட்டுப் பார்த்தேன். நீ இறால் உரித்துக்கொண்டிருந்தாய். தலையைக்கூடத் தூக்கவில்லை.

“மூட்டு வலியா? எனக்கென்னடி அறுபது வயசா ஆச்சு? இல்லைன்னு போட்டுக்க.”

நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு நீ கையெழுத்துப் போட்டாய். அதுதான் என் முதல் படிவம். அதற்குப் பின் நம் ஜெகதாப்பட்டினத்தில் எத்தனையோ வீடு ஏறி இறங்கினேன். பாதிப் பேர் உன்னைப் போலவே ‘இல்லை’ என்றார்கள்.

நீ போன பிறகு ஆறு மாதம் அந்தப் படிவங்களைத் தொடவே எனக்கு மனம் வரவில்லை. பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டு சபுரா மாமியிடம் போனேன். கேள்வியைக் கேட்டதும் மாமி சேலையை முழங்கால் வரை ஏற்றிக் காட்டியது. “ரெண்டு மூட்டும் தேஞ்சு போச்சு புள்ள. மாடிப்படி ஏற முடியல.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊரில் மூட்டு என்றால் முழங்கால்தானே? இங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது எப்படி மறந்தது? படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

மாமியின் கன்னத்தில், காதுக்கு முன்னால், விரலை வைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். விரலுக்கடியில் ‘டொக்’கென்றது.

“இதுவா? இது காது வலியாச்சே. ஒங்க லாத்தாவுக்கும் இதே கதிதான். ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்துதான் காதுக்கு எண்ணெ விட்டுக்குவோம். புதுக்கோட்டையில போயி காதைக் காட்டுனா. காதுல ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க.”

“எங்கிட்ட ஏன் மாமி சொல்லல?”

“காது வலிக்கு யாராச்சும் பல்லு டாக்டருகிட்டப் போவாங்களா? கல்யாண வீட்டுல சஹன்ல ஒக்காராம ஓடுவாளே, எதுக்குன்னு நெனச்ச? வாய் ரெண்டு வெரக்கடைக்கு மேல தொறக்காது. நாலு பேரு அள்ளித் திங்கையில இவ மட்டும் கொறிச்சுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?”

லாத்தா, நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஒரே தாம்பாளத்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிட உனக்கு அருவருப்பு என்று நினைத்தேன். சொந்தக்காரர்கள் உன்னைப் பெருமைக்காரி என்று பேசியபோது நானும் வாயைச் சும்மா வைத்திருக்கவில்லை. ‘மகாராணிக்குத் தனித் தட்டு வைங்க’ என்று பந்தியில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். நீ அடுக்களைப் பக்கம் போய்விட்டாய். அன்று நீ சாப்பிட்டாயா?

மச்சான் கடலில் இருக்கும் நாளெல்லாம் நீ தூக்கத்தில் பல்லைக் கடிப்பாய். பக்கத்தில் படுத்திருந்த எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். புரண்டு படுத்துக்கொள்வேன். ராவெல்லாம் அப்படிக் கடித்தால் அந்த மூட்டு நோகும் என்று எனக்குத் தோன்றவில்லை. பல் மருத்துவம் படிக்கிறவள் நான். ஓட்டை அடைக்கவும் பல் பிடுங்கவும் ராப்பகலாகப் பழகினேன். இந்த மூட்டைப் பற்றிய பாடத்தைப் பரீட்சைக்குப் படித்து, எழுதி, மறந்துவிட்டேன். உனக்குக் கத்திகூட வேண்டியிருந்திருக்காது. ராத்திரி பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு தட்டு, வெந்நீர் ஒத்தடம், தாடைக்குச் சில பயிற்சிகள். பெரும்பாலானவர்களுக்கு இவ்வளவிலேயே வலி குறைந்துவிடும். மூன்று நாள் காய்ச்சலில் நீ போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதுவரை பட்ட வலியை நீ பட்டிருக்கத் தேவையில்லை.

என் ஆய்வைப் பார்த்துக்கொள்ளும் மேடத்திடம் போய்ச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் தவித்தேன். சொன்னால் எல்லாப் படிவமும் செல்லாது, படிப்பு ஆறு மாதம் தள்ளிப் போகும். அதுகூடப் பெரிதில்லை. உன் படிவமும் செல்லாமல் போகுமே என்பதுதான். பதில் தப்பு, தெரியும். ஆனாலும் அது நீ சொன்ன பதில், அதில் உன் கையெழுத்து இருக்கிறது.

கடைசியில் சொல்லிவிட்டேன். மேடம் திட்டவில்லை. “கேள்வியே தப்புன்னா பதில வச்சு என்னம்மா செய்யிறது? திரும்பப் போய்க் கேளு” என்றார். பழைய படிவங்களைக் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

இப்போது மறுபடியும் அதே வீடுகளுக்குப் போகிறேன். மூட்டு என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். “காதுக்கு முன்னால வெரல வச்சு வாயத் தொறங்க. வலிக்குதா? சத்தம் கேக்குதா?” என்று கேட்கிறேன். முன்பு ‘இல்லை’ என்றவர்களில் பலர் இப்போது கண் கலங்கச் சொல்கிறார்கள். எல்லா வீட்டுக்கும் இரண்டாம் தடவை போய்விடலாம். உன்னிடம் மட்டும் இன்னொரு முறை கேட்க முடியாது.

சபுரா மாமிக்கு நானே அளவெடுத்துத் தட்டு செய்துகொடுத்தேன். போன வாரம் வந்து, பயமில்லாமல் கொட்டாவி விட முடிகிறது என்று விட்டுக் காட்டியது. பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டது. “இத அவளுக்கும் செஞ்சிருக்கலாமுல்ல?”

“செஞ்சிருக்கலாம் மாமி” என்றேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், லாத்தா. இனி என் முன்னால் உட்கார்ந்து யார் காது வலி என்றாலும், தலை வலி என்றாலும், ‘ஒண்ணுமில்ல’ என்றாலும், நான் குறுக்கே பேச மாட்டேன், கேலி செய்ய மாட்டேன். அவர்கள் சொல்லி முடிக்கும் வரை காத்திருப்பேன். உன்னிடம் நான் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

உனக்காகத் துஆ கேட்கும்,
உன் ஒரே தங்கச்சி
நஸீமா