என் தோலில் படித்தவள்

ஜூன் 3

நீர்நிலைகளின் சக்கரவர்த்தி, லட்சோபலட்சம் பிள்ளைகளை மூழ்கவிடாமல் காத்த நீச்சல் மாஸ்டர், அதாவது நான், இன்று முதல் பாடப்புத்தகமும் ஆகிவிட்டேன். மருத்துவம் படிக்கும் அக்கா மகளுக்கு இப்போது தோல் பிரிவு. பெயர்கள் மண்டையில் ஏற மறுக்கின்றன. என் முழங்கைகளிலோ ஒரு வருடமாக வெள்ளைச் செதில் உதிர்கிறது. முழுக்கை நீச்சல் உடைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். சட்டையைக் கழற்றிக் காட்டினேன். "மாமா, நீங்க பெரிய பொக்கிஷம்" என்றாள். இத்தனை காலம் கழித்தாவது ஒருத்திக்குத் தெரிந்ததே.

ஒரே நிபந்தனை: விஷயம் இந்த அறையைத் தாண்டக் கூடாது. தெரிந்தால் பெற்றோர்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடுவார்கள், என் பிழைப்பு போச்சு. "சத்தியமா மாமா." என் தலையில் கை வைத்துத்தான் சொன்னாள்.

ஜூன் 9

கையில் தட்டுப்படாமல் நிறம் மட்டும் மாறினால் மாக்யூல். சின்னதாக மேடு தட்டினால் பாப்யூல். மேடு அகலமாகப் படர்ந்தால் பிளேக். நீர் கோத்த சிறு கொப்புளம் வெசிக்கிள். என்னுடையது பிளேக், ஓரம் தெளிவு, மேலே செதில். நோய்க்குப் பெயர் சொரியாசிஸ். யாருக்கும் ஒட்டாது என்று அவள் சொன்னதும் ஒரு தேசத்துக்கே விடுதலை கிடைத்தது போல இருந்தது.

காலையில் வாழைப்பழத் தோலின் கரும்புள்ளிகளை மாக்யூல் என்று அறிவித்தேன். "பழத்தைத் தின்னுடா, வியாக்கியானம் வேணாம்" என்றாள் அக்கா.

ஜூன் 14

படம் எடுத்துக்கொண்டாள். "நான் பாத்துப் படிக்கத்தான் மாமா." சிலை செதுக்க நிற்பவன் போல வளைந்து நெளிந்து நின்றேன்.

ஜூன் 22

குளத்தில் பாதிப் பிள்ளைகளைக் காணோம். பள்ளியில் பரீட்சையோ?

ஜூன் 23

பரீட்சை இல்லை.

மானேஜர் கூப்பிட்டார். "மாஸ்டர், உங்க கைல ஏதோ வியாதியாமே. பேரண்ட்ஸ் குரூப் முழுக்க அதான் பேச்சு. கொஞ்ச நாள் வீட்ல இருங்க."

அக்கா மகள் வகுப்பில் என் படங்களைப் பெரிய திரையில் போட்டுப் பேசியிருக்கிறாள். கூடப் படிக்கிற ஒருத்தி சின்ன வயதில் என்னிடம் நீந்தக் கற்றவள். அவள் தம்பி இப்போது கற்கிறான். என் முன்கையில் பச்சை குத்திய மீனைப் பார்த்ததும் அவளுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

ஜூன் 24

கேட்டேன். "முகத்தை மறைச்சுட்டுத்தான் மாமா போட்டேன்."

அப்போ கையில இருக்கிற மீனு?

தலை குனிந்தாள். அப்புறம் மெல்ல, "ப்ரொஃபசர் ரொம்பப் பாராட்டினாரு மாமா." இதை எதுக்கு என்கிட்ட சொன்னா? ஆறுதலா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. நான் என்ன, மாட்டேன்னா சொல்லிடப் போறேன்?

சொல்லியிருப்பேன். அது வேற விஷயம்.

ஜூன் 25

"சின்னப் பொண்ணுடா, விடு" என்கிறாள் அக்கா. நாளைக்கு ஊரார் உயிரையெல்லாம் கையில் வாங்கப்போகிறவள் இன்றைக்குச் சின்னப் பொண்ணாம்.

ஜூலை 6

அக்கா மகளே போய் மானேஜரிடம் ஒட்டாது என்று விளக்கினாளாம். வேலை திரும்பி வந்தது. பிள்ளைகள் சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை. வந்தவர்களிலும் ஒரு பொடியன் என் கையைப் பிடிக்காமல் கரைக் கம்பியையே பிடித்துக்கொண்டிருந்தான். வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

"இப்ப சந்தோஷமா மாமா?" என்று கேட்டாள். தலையை ஆட்டிவிட்டு முழுக்கை உடையைக் காயப்போடப் போனேன்.

ஆகஸ்ட் 2

காதுக்குப் பின்னால் புதிதாக ஒன்று. யாரிடமும் சொல்லாமல், ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"காதுக்குப் பின்னால ஒரு பிளேக் டாக்டர். ஓரம் தெளிவா இருக்கு. செதில் உதிருது."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "நல்லா சொல்றீங்களே. வீட்ல யாராவது மெடிசின் படிக்கிறாங்களா?"

"யாரும் இல்லைங்க" என்றேன்.