சிவப்பு அட்டைக்குக் கை தட்டினவரு

மார்ச் 3, செவ்வாய்

குழாயில தண்ணி வரல. நான் வேலைய விட்டு பதினோரு வருஷமாச்சு, இன்னும் தெருவுல தண்ணி நின்னா என் வீட்டுக் கதவத்தான் தட்டுறாங்க. மாடி வீட்டம்மா வந்து, "என்ன பெரியவரே, வால்வ மூடிட்டாங்களா?"ன்னாங்க. "ஆமாம்மா, தூக்கத்துல எழுந்து போய் நான்தான் மூடிட்டு வந்தேன்"னேன். நம்பிட்டாங்க போல. மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டுப் போனாங்க.

தண்ணி வாரியத்துல இருந்தப்பவும் இதே கதைதான். ஆத்துக்கு ரெண்டு கரை. ரெண்டு கரைக்கும் ஒரே தொட்டி. வால்வு சாவி என் கையில. ஃபுட்பால் ஆட்டத்தன்னிக்கு மேக்குக் கரையில தண்ணி கொறைஞ்சா, "கெழக்குக் கரைக்காரன் வேலையக் காட்டிட்டான்"னுவாங்க. சத்தியமா நான் அப்படிப் பண்ணினதே இல்ல. ஒரே ஒரு தடவ. அரைமணி நேரம். அது ஃபைனல்.

வர்ற ஞாயித்துக்கிழமை மேக்குக் கரை மைதானத்துல ரெண்டு டீமுக்கும் ஆட்டம். சம்பந்தி ஒரு பாஸ் கொடுத்தனுப்பியிருக்காரு.

மார்ச் 5, வியாழன்

சம்பந்தின்னா மருமகளோட அப்பா. மேக்குக் கரையில தனியா இருக்காரு. அவங்க மைதானத்துக்கு வெள்ளைக் கோடு போடுறவரு. முப்பத்தெட்டு வருஷமா அவரு போட்ட கோட்டுக்குள்ளதான் அவங்க டீம் தோத்துக்கிட்டு வருது. இத நான் அவருகிட்ட வாரம் ஒரு தடவயாவது சொல்லிருவேன்.

வெளியூர்க்காரன் கேட்டா எல்லாரும் ஊர்ப் பேரத்தான் சொல்லுவோம். ஊருக்குள்ள கேட்டா, "எந்தக் கரை?"தான். சம்பந்தம் பேசப் போனப்ப இவரு என் பையனக் கேட்ட மொத கேள்வி சம்பளமே இல்ல. "தம்பி, நீங்க எந்தப் பக்கம் கை தட்டுவீங்க?" பையன், "எனக்கு கிரிக்கெட்தான் மாமா"ன்னான். அதனால கல்யாணம் நடந்துச்சு.

இன்னிக்கு ஒரு வயித்தெரிச்சல். எங்க டீமு வெளி மைதானத்துல ஆடுறப்ப இந்த வருஷம் பச்சைச் சட்டையாம். காலங்காலமா செவப்பு. நாங்க செவப்பு, அவங்க நீலம். சின்னப் புள்ளைக்கும் தெரியும். யாரக் கேட்டு மாத்தினானுங்க?

மார்ச் 8, ஞாயிறு

நடந்தத அப்படியே எழுதணும். சிரிப்பு இன்னும் அடங்கல.

சம்பந்தி பக்கத்துல, அவங்க ஆளுங்க நடுவுல உக்காந்திருந்தேன். வாய மூடிக்கிட்டுதான். கொஞ்சம் தொறந்தேன். முன் வரிசையில அவங்க ரசிகர் சங்கத் தலைவரான மருந்துக்கடைக்காரரு. எழுவது நிமிஷம் வரைக்கும் யாரும் கோல் போடல.

அப்புறம் எங்களுக்கு நேர் எதிர்லயே ஒரு மோதல். அவங்க கேப்டன் சுருட்டைத்தலையன் எங்க டீமு பையன் ஒருத்தன் கால வெட்டிவிட்டான். எங்க பையன் சுருண்டு விழுந்தான். மேக்குக் கரை ஸ்டாண்டு மொத்தமும் கப்சிப். தப்பு யாரு மேலன்னு அவங்களுக்கே தெரியும்ல.

அந்த அமைதியில சம்பந்தி எந்திரிச்சாரு. "நடுவரே! கண்ணு இருக்கா? வெளிய அனுப்புய்யா அந்த ரௌடிய! ஆடத் தெரியாத பய!"

நடுவர் செவப்பு அட்டைய எடுத்தாரு. சுருட்டையனுக்கு. சம்பந்தி ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கித் தட்டினாரு. "அப்படிப் போடு! இதுதான்யா நீதி!"

அவரு ஒருத்தரு மட்டும் தட்டின சத்தம். நாலாயிரம் பேரு திரும்பிப் பாத்தானுங்க.

பத்துப் பேரா ஆடி ஒண்ணு-பூஜ்யம்னு தோத்தாங்க. திரும்பறப்ப பஸ்ஸுல சம்பந்தி ஒரு வார்த்த பேசல. நான் பேசினேன். பாலத்துக்கு முன்னாடி அவரு எறங்குற வரைக்கும் பேசினேன்.

மார்ச் 9, திங்கள்

சலூன்ல கண்ணாடிக்குப் பக்கத்துல ஒரு கரும்பலகை உண்டு, ஆட்டத்தோட கணக்கு எழுத. அதுல பெருசா எழுதி வச்சேன்: "கிழக்குக் கரையின் புதிய உறுப்பினர் எங்கள் சம்பந்தியை வருக வருக என்று வரவேற்கிறோம்." சலூன்காரன் சிரிச்ச சிரிப்புல ஒருத்தன் கிருதா போச்சு. அத எவனோ ஃபோன்ல படம் புடிச்சான்.

மார்ச் 11, புதன்

மருமக சாப்பாட்ட மேசையில வச்சுட்டுப் போயிட்டா. "சாப்பிடுங்க மாமா"ன்னு சொல்லல. ரெண்டு நாளா இப்படித்தான்.

அந்தப் படம் பாலம் தாண்டிப் போயிருச்சாம். இன்னிக்கு மருந்துக்கடைக்காரரு சம்பந்தியக் கூப்பிட்டு, "பொண்ணு குடுத்த எடத்துக்கு விசுவாசமா இருங்க, நாங்க வேணாங்கல. சாவிய மட்டும் கொடுத்துருங்க"ன்னாராம். கோடு போடுற சாமானெல்லாம் இருக்குற கொட்டகைச் சாவி. கொடுத்துட்டாரு.

ஒரு அட்டைக்கு இவ்வளவா? நான் வெளையாட்டுக்குத்தானே எழுதினேன்.

ஆனா மனுஷன் ஏன் ஒரு வார்த்த பதில் சொல்லல? "ஆத்திரத்துல நியாயத்தச் சொல்லிட்டேன்"னாவது சொல்லலாமே. வாய் செத்தவரு இல்லையே.

மார்ச் 15, ஞாயிறு

சம்பந்தி மகளப் பாக்க வந்தாரு. வர்றாருன்னு தெரிஞ்சதும் பையனோட பச்சை டீ-சர்ட்டப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னேன். வயித்துக்கிட்ட பிதுங்குது, பரவாயில்ல. எங்க டீமோட புதுக் கலராச்சே, வெறுப்பேத்தணும்ல. அப்படியாவது வாயத் தொறப்பாரு, ரெண்டு வார்த்த திட்டுவாரு, கணக்கு நேராயிரும்னு நெனச்சேன்.

கிட்ட வந்தாரு. என்ன ஏற எறங்கப் பாத்தாரு. மூஞ்சி இளகிப் போச்சு.

"என்ன சம்பந்தி, எங்க நீலத்தப் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க? எனக்காகவா?"

கிண்டல் பண்றாருன்னுதான் மொதல்ல நெனச்சேன். கிண்டல் பண்றவன் கண்ணு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? கண்ணு கலங்கி நிக்கிறாரு மனுஷன்.

மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். "கொடியில என்ன காயுது?"ன்னேன். "துணி"ன்னாரு. "என்ன துணி?" கண்ணச் சுருக்கிச் சுருக்கிப் பாத்தாரு. "சம்பந்தி, நான் போட்டிருக்கிறது பச்சை"ன்னேன்.

தண்ணித் தொட்டி மேல உக்காந்துட்டாரு. கண்ணு மங்கி ரெண்டு வருஷமாச்சாம். எல்லாம் பனி மூட்டம் மாதிரி. செவப்பும் நீலமும் இருந்தா பிரிச்சுக்குவாராம். பச்சை வந்ததும் ரெண்டு டீமும் ஒண்ணாப் போச்சு. விழுந்தவன் சுருட்டையன்னு நெனச்சுத்தான் கத்தினாராம்.

"அப்ப கோடு?"

"கோடு கண்ணால போடுறதா சம்பந்தி? முளை அடிச்சுக் கயித்த இழுத்துக் கட்டிட்டா கையே சொல்லிரும். அடி எண்ணிப் போவேன். மூலைக்கு மூலை எனக்கு அத்துப்படி."

இந்த வருஷம் அவங்க மைதானத்துக் கோடு எங்களுத விட நேரா இருந்துச்சு. அது எனக்கே தெரியும்.

"இத அவங்ககிட்டச் சொல்லுங்களேன்யா. ஆபரேஷன் பண்ணினா சரியாப் போற சமாச்சாரம் இது."

"துரோகின்னு சொன்னா நாலு வருஷத்துல மறந்துருவான். கண்ணு தெரியாதவன்னு தெரிஞ்சா அன்னிக்கே வேற ஆளு போட்டுருவான். ஆபரேஷன் பண்ணி இனிமே நான் எதப் பாக்கப் போறேன்? எந்த ஸ்டாண்டுல உக்காருவேன்?"

கொடியில காஞ்ச துணிய எடுத்து மடிக்க ஆரம்பிச்சேன்.

"மககிட்ட மூச்சு விடாதீங்க"ன்னு என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு.

மார்ச் 16, திங்கள்

கரும்பலகைய அழிச்சேன். ஈரத்துணி போட்டு ரெண்டு தடவ.

மார்ச் 17, செவ்வாய்

பாலம் தாண்டி மருந்துக்கடைக்குப் போனேன். உள்ள தலைவரும் சங்கத்து ஆளுங்க அஞ்சாறு பேரும். என்னப் பாத்ததும், "வாங்க, கண்ணுல போடுற சொட்டு மருந்து வேணுமா, இல்ல ஆத்துல குதிக்க வழி வேணுமா?"ன்னான் ஒருத்தன்.

"தலைவரே, ஒரு உண்மையச் சொல்ல வந்தேன்"னேன். இந்த மாதிரிப் பேச்சு எனக்குப் பழக்கமில்ல, நாக்கு ஒட்டிக்கிச்சு. பொய்ய எடுத்ததும் சரளமா வந்துச்சு. மோதல் நடந்தப்ப சம்பந்தி தண்ணி பாட்டில எடுக்கக் குனிஞ்சிருந்தாரு, மைதானத்தப் பாக்கவேயில்ல. நான்தான் அவரு காதுல, "அய்யய்யோ, உங்க சுருட்டையன வெட்டிப் போட்டுட்டான் எங்க பய"ன்னேன். என்ன நம்பித்தான் எந்திரிச்சுக் கத்தினாரு. அட்டை யாருக்குன்னு கேட்டாரு, "எங்காளுக்குத்தான்"னேன். கை தட்டினாரு. இதெல்லாம் வெளிய சொன்னா சம்பந்தியான என்ன மாட்டிவிட்ட மாதிரி ஆகும்னு எனக்காக வாயக் கட்டிக்கிட்டு இருக்காரு.

கொஞ்சம் சந்தேகப்படுவாங்க, ரெண்டு கேள்வியாவது கேப்பாங்கன்னு தயாராப் போயிருந்தேன். ஒருத்தன் கேக்கணுமே! "நான்தான் அன்னிக்கே சொன்னேனே!"ன்னு குதிக்கிறான் ஒருத்தன். "ஃபைனல் அன்னிக்கு எங்க தெருத் தண்ணிய நிறுத்தினவன்தானே இவன்"னு இன்னொருத்தன். இத்தன வருஷம் ஆச்சு, இன்னும் ஞாபகம் வச்சிருக்கான்.

தீர்ப்பு: மேக்கு மைதானத்துக்குள்ள நான் ஆயுசுக்கும் கால் வைக்கக் கூடாது. மன்னிப்புக் கடிதம் எழுதி மைதானத்து கேட்டுல ஒட்டணும். சம்பந்திக்குச் சாவி திரும்ப.

"ஆயுசுக்கும்னா யாரு ஆயுசு?"ன்னேன். அடிக்க வந்துட்டாங்க.

மார்ச் 18, புதன்

வீட்டுக்கு சேதி வந்துருச்சு. பையன், "இந்த வயசுல இதெல்லாம் தேவையாப்பா?"ன்னான். மருமக ஒண்ணும் சொல்லல. அதுக்கு அவ என்ன நாலு அறை அறைஞ்சிருக்கலாம். தன் அப்பாவ சபையில அசிங்கப்படுத்தினவன்னு நெனச்சுக்கிட்டு எனக்கு சோறு போடுறா.

சலூன்ல எனக்கு ராஜ மரியாதை. எழுந்து நின்னு கை தட்டுறானுங்க. சலூன்காரன், "அண்ணே, மேக்குக் கரைக்காரனையே அவன் டீமு வாங்கின அட்டைக்குக் கை தட்ட வச்சவருண்ணே நீங்க"ன்னான். எனக்கு சிரிப்பே வரல. பாதிச் சவரத்துல எந்திரிச்சு வந்துட்டேன்.

மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அஞ்சாவது வரைக்கும் படிச்சவனுக்கு அது ஒரு பெரிய வேலை.

மார்ச் 19, வியாழன்

சம்பந்தி ஃபோன். "நீங்க என் காதுல ஒண்ணுமே சொல்லலியே சம்பந்தி."

"சொன்னேன். உங்களுக்குக் காதும் கேக்கல போல."

"சாவி வந்துருச்சு"ன்னாரு.

"ஸ்டாண்டும் வந்துருச்சுல்ல? இனிமே என்ன சாக்கு? ஆஸ்பத்திரிக்கு என்னிக்குப் போறீங்க? போகலன்னா இதே வாயால போய் உண்மையச் சொல்லிருவேன்."

"பயமா இருக்கு சம்பந்தி."

எங்கிட்ட இத்தன வருஷத்துல அவரு சொன்னதிலேயே பெரிய வார்த்த அது. கிண்டல் பண்ண வாயெடுத்து அடக்கிக்கிட்டேன். "நான் கூட வர்றேன்"னேன்.

மார்ச் 27, வெள்ளி

டாக்டரம்மா பாத்தாங்க. ரெண்டு கண்ணுலயும் புரை. வலது கண்ணு மொதல்ல. இருபது நிமிஷ வேலையாம். இருபது நிமிஷத்துக்கா ரெண்டு வருஷம் பயந்தாரு?

ஆபரேஷன்னா மகளுக்குத் தெரியாம முடியாது. அவரே சொல்லிக்கிறேன்னாரு.

மார்ச் 28, சனி

மருமக என் ரூம் வாசல்ல வந்து நின்னா.

"மாமா, அப்பாவுக்கு ரெண்டு வருஷமா கண்ணு சரியாத் தெரியலியாம்."

"அப்படியா?"ன்னேன்.

"அன்னிக்கு அவரு காதுல என்ன சொன்னீங்க?"

"மறந்துபோச்சும்மா."

அங்கயே நின்னா. அப்புறம், "சாப்பிட வாங்க மாமா, ஆறிப்போயிரும்"னா. நான் வேகமா எந்திரிச்சுப் போனேன்.

ஏப்ரல் 2, வியாழன்

ஆபரேஷன் முடிஞ்சுது. வெளிய பெஞ்சுல உக்காந்திருந்த எனக்குத்தான் ரத்தக்கொதிப்பு ஏறிருச்சுன்னு நர்ஸம்மா திட்டினாங்க.

ஏப்ரல் 3, வெள்ளி

கட்டுப் பிரிச்சாங்க. மகளப் பாத்தாரு. எவ்வளவோ நேரம் பாத்தாரு. அப்புறம் என் பக்கம் திரும்பினாரு.

"அடப்பாவமே. இவ்வளவு கெழவனாயிட்டீங்களா சம்பந்தி?"

ஏப்ரல் 12, ஞாயிறு

மேக்கு மைதானத்துல வேற ஊரு டீமோட ஆட்டம். நான் போக முடியாது. ரேடியோவுல கேட்டேன். முடிஞ்சதும் சம்பந்தி ஃபோன் பண்ணி, தலைவரு தன் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டாருன்னு சொன்னாரு. கூடவே, "உங்க கடிதம் இன்னும் கேட்டுலதான் இருக்கு, வர்றவன் போறவன் எல்லாம் நின்னு படிக்கிறான். எனக்கு மனசு கேக்கல, உண்மையச் சொல்லிரட்டுமா?"ன்னாரு.

வேணாம்னேன். கோடு போடுறவரு கண்ணப் பத்தி அவங்களுக்கு என்ன பேச்சு? என்னப் பத்தின்னா பேசட்டும். புதுசா என்ன பேசிருவாங்க?

ஏப்ரல் 26, ஞாயிறு

எங்க மைதானத்துல மேக்குக் கரையோட ஆட்டம். இங்க நான் வரலாம்ல. சம்பந்தியக் கூட்டிட்டுப் போய் எங்க ஆளுங்க நடுவுல உக்கார வச்சேன். நீலத் துண்டு போட்டுக்கிட்டுதான் வந்தாரு. எவனும் ஒண்ணும் சொல்லல.

ஒண்ணுக்கு ஒண்ணுன்னு இருந்துச்சு. எண்பத்தஞ்சாவது நிமிஷம் எங்க பையன் தனியா ஓடிப் போய் அடிச்சான் பாரு! மைதானமே எந்திரிச்சுக் குதிக்குது. சம்பந்தியும் எந்திரிச்சாரு. "ஆஃப்சைடு! ஆஃப்சைடுய்யா! பந்து கெளம்புறப்பவே முன்னாடி நிக்கிறான்! அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வலது கால்!" அவ்வளவு தூரத்துலேர்ந்து எந்தக் கால்னு சொல்றாரு மனுஷன். லைன்ஸ்மேன் கொடியத் தூக்கல. கோல் கொடுத்தாச்சு. ஜெயிச்சுட்டோம்.

திரும்பறப்ப நடந்தே வந்தோம். பாலத்து மேல நிறுத்திக் கேட்டாரு, "சம்பந்தி, உங்க மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க. நீங்களும் பாத்தீங்கதானே?"

பாத்தேன். ஒரு மொழம் முன்னாடி நின்னான் எங்க பய. ஆஃப்சைடுதான், செல்லாத கோல்.

"இன்னொரு கண்ணையும் சீக்கிரம் பண்ணிருங்க சம்பந்தி"ன்னேன்.

அவரு வீடு வர்ற வரைக்கும் என்னத் திட்டிக்கிட்டே வந்தாரு.